வேலை பார்த்துக்கொண்டே ருத்ரம் கற்பது எப்படி? சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு முழு வழிகாட்டி

யஜுர்வேதத்தில் சிவனைப் போற்றும் மந்திரத் தொகுப்பான ருத்ரத்தைக் கற்க வருபவர்களில் பாதிப் பேர் கையில் புத்தகத்தோடு வருகிறார்கள். மீதிப் பேர், யூடியூபில் கேட்டுக் கேட்டுப் பாதி ஏற்கெனவே தெரியும் என்கிறார்கள். அந்தத் தெரிந்த பாதியோடுதான் ஆசிரியர் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. தெரியாததைச் சொல்லிக் கொடுத்துவிடலாம். நாக்கில் தப்பாக ஊறிப்போனதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எனவே இங்கே வரிசைதான் முக்கியம். முதலில் காது, அடுத்து வாய், கடைசியில் புத்தகம். வகுப்பில் புதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில், தடுமாறும் எல்லோரும் இந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்களே.

தமிழ்நாட்டு வழக்கில் பெரும்பாலும் ஓதப்படும் கிருஷ்ண யஜுர்வேத தைத்திரீய சாகையின் (சாகை என்றால் வேதம் ஓதும் மரபின் ஒரு கிளை) ருத்ரத்தை வைத்தே எழுதுகிறேன். அதில் நமகம், சமகம் என்று இரண்டு பகுதிகள். நமகம் 11 அனுவாகம், அதாவது 11 பிரிவு; சமகம் 11 அனுவாகம்.

1. சேர்வதற்கு முன் கேட்டுத் தெளிய வேண்டியவை

முதல் கேள்வி, எந்தச் சாகை? சுக்ல யஜுர்வேதத்திலும் ருத்ரம் உண்டு. வட இந்திய நண்பர்கள் சொல்வது பெரும்பாலும் அதுதான். பாடமும் வேறு, ஸ்வரமும் (குரலின் ஏற்ற இறக்கமும்) வேறு, சில இடங்களில் ‘ஷ’வை மூச்சோடு கூடிய ‘க’ போல ஒலிக்கும் வழக்கமும் அதில் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் எது உங்கள் பாடம் என்று காது குழம்பிவிடும். இணையத்தில் குரல் இனிமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு பதிவைத் தேர்ந்தெடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டாவது, யாருக்குச் சொல்லித் தருவார்? உபநயனம் ஆனவர்களுக்கு மட்டும் என்று இருக்கும் ஆசிரியர்கள் உண்டு. பெண்கள் உட்பட எல்லாருக்கும் சொல்லித் தருபவர்களும் உண்டு. முதல் நாளே மரியாதையாகக் கேட்டுவிடுங்கள். நான்கு வாரம் போன பிறகு தெரியவந்து இரு பக்கமும் சங்கடப்படுவதைவிட அது மேல். ஓர் இடத்தில் இல்லை என்றால் வேறோர் இடத்தில் உண்டு. அதற்காக ஆசிரியரே வேண்டாம் என்று முடிவுகட்டாதீர்கள்.

மூன்றாவது, நேரம். ஆசிரியர் சென்னையிலோ கும்பகோணத்திலோ இருந்து இணையம் வழி நடத்தினால், சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அவருக்கு மாலை 7.30 என்பது நமக்கு இரவு 10 மணி. அலுவலகம் முடிந்து, எம்ஆர்டியில் நின்றுகொண்டே வந்து, சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குக் குரலெழுப்பி உட்கார்வது எத்தனை வாரம் ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். அவருக்கு மாலை 5.30 ஒத்துவருமா என்று கேளுங்கள். நமக்கு இரவு எட்டு மணி, அது தாங்கும்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஸ்வரக் குறியிட்ட ஒரு புத்தகம், பேசியில் ஒலிப்பதிவு செய்யும் வசதி, ஒரு சுருதிப் பெட்டிச் செயலி. அவ்வளவுதான்.

புத்தகம் தேக்காவில் பூசைச் சாமான்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். இல்லையென்றால் ஊருக்குப் போகிறவர்களிடம் சொல்லி வாங்கலாம். வாட்ஸ்அப்பில் ஒட்டி அனுப்பப்படும் பிரதிகளை நம்ப வேண்டாம். எழுத்துரு மாறும்போது ஸ்வரக் கோடுகள் பக்கத்து எழுத்துக்கு நகர்ந்துவிடும், அல்லது காணாமலே போய்விடும்.

எந்த எழுத்தில் வாசிப்பது? தேவநாகரி தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் ஒரே எழுத்தின் வெவ்வேறு ஒலிகளைக் க², க³, க⁴ என எண் போட்டுக் காட்டும் தமிழ்ப் பதிப்பு போதும். எண் இல்லாத தமிழ்ப் பதிப்பு வேண்டாம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் வாசிக்க விரும்புவார்கள். தமிழ்நாட்டில் அச்சாகும் ஆங்கில எழுத்துப் பதிப்புகள் பலவற்றில் த³வுக்கும் த⁴வுக்கும் ஒரே எழுத்துதான் வரும். அதில் ஆரம்பித்த பிள்ளைக்கு இரண்டும் வேறு ஒலி என்பதே தெரியாமல் போய்விடுகிறது. பள்ளி விடுமுறையில் தேவநாகரி எழுத்துகளைக் கற்றுக் கொடுத்துவிடுங்கள், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்.

3. ஸ்வரத்துக்கு முன் எழுத்தொலி

தைத்திரீய உபநிடதத்தின் சீக்ஷாவல்லி, ஓதும் முறைக்கு ஆறு அங்கங்களைச் சொல்கிறது: வர்ணம், ஸ்வரம், மாத்திரை, பலம், ஸாமம், ஸந்தானம். வர்ணம் முதலில் நிற்கிறது. எழுத்தொலி ஆட்டங்கண்டிருக்கும்போது ஸ்வரத்தையும் சேர்த்துப் பிடிக்கப் போனால் கவனம் இரண்டாகப் பிரிந்து இரண்டும் கெட்டுப்போகும்.

தமிழ் பேசும் வாய்க்கென்றே சில தடுமாற்றங்கள் உண்டு. ஐந்தாவது அனுவாகத்தின் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ‘நமோ ப⁴வாய ச ருத்³ராய ச நம: ஶர்வாய ச பஶுபதயே ச’. இந்த ஒரே வரியில் மூன்று பொறிகள் இருக்கின்றன.

முதலாவது அந்த ‘ச’. நாம் சட்டை, சனி என்று சொல்லிப் பழகியதால் அதை ‘ஸ’ ஆக்கிவிடுகிறோம். ‘அச்சம்’ என்று சொல்லும்போது அழுந்துகிற ஒலிதான் வேண்டும். நமகத்தின் நடு அனுவாகங்களிலும் சமகம் முழுவதிலும் இந்த ஒற்றை எழுத்து எத்தனை முறை வருகிறது என்று பார்த்தால், முதலில் இதைத் திருத்த வேண்டிய காரணம் விளங்கும்.

அடுத்தது ‘ஶர்வாய’. ஶர்வன் என்பது ருத்ரனின் பெயர். ‘ஸர்வாய’ என்றால் வேறு சொல். ‘ஶ’வுக்கு நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை ஒட்டி எழும், ‘ஸ’வுக்கு நுனி பல்லருகே போகும், ‘ஷ’வுக்கு நுனி பின்னால் மடியும். கண்ணாடி முன் நின்று மூன்றையும் மாறி மாறிச் சொல்லிப் பாருங்கள்.

மூன்றாவது ‘ப⁴வாய’. தமிழில் ‘ப’ சொல்லின் முதலில் வந்தால் வல்லொலியாகத்தான் வாசிப்போம், ‘பவளம்’ போல. இங்கே வேண்டியது மூச்சோடு வரும் மெல்லொலி. மூச்சைச் சேர்க்கச் சொன்னால் சிலர் ‘பஹவாய’ என்று ஓர் அசையே கூட்டிவிடுவார்கள். மூச்சு எழுத்தோடு ஒட்டி வர வேண்டும். தனியாக வந்தால் மாத்திரை கூடிவிடும்.

இன்னும் இரண்டு வழக்கங்கள் நம் மொழிப் பழக்கத்திலிருந்து ஒட்டிக்கொண்டவை. ஒன்று, மெய்யில் முடியும் சொல்லோடு உகரம் சேர்ப்பது. ‘மாம்ருதாத்’ என்று நிறுத்த வேண்டியதை ‘மாம்ருதாத்து’ என்கிறோம். மற்றொன்று, இரண்டு உயிர்கள் சந்திக்கும் இடத்தில் உடம்படுமெய் நுழைப்பது. முதல் மந்திரத்தில் ‘மன்யவ உதோத இஷவே’ என்று வரும். கவனிக்காவிட்டால் நம் வாய் தானாகவே ‘மன்யவ வுதோத யிஷவே’ என்று சொல்லிவிடும். அங்கே இடைவெளி இடைவெளியாகவே இருக்க வேண்டும், மூச்சு மட்டும் விடக்கூடாது. நன்றாகத் தமிழ் பேசுபவர்கள்தான் இதில் அதிகம் தவறுகிறார்கள் என்பது வேடிக்கை.

தைத்திரீய பாடத்துக்கே உரிய ஓர் ஒலியும் உண்டு. ஶ, ஷ, ஸ, ஹ, ர ஆகியவற்றுக்கு முன் வரும் அனுஸ்வாரம் (‘ம்’ ஒலி) ‘கு³ம்’ போல ஒலிக்கும். ‘கணானாம் த்வா கணபதிம் ஹவாமஹே’ என்று சிறுவயதில் மனப்பாடம் செய்தவர்கள், ஓதும்போது ‘கணபதிகு³ம் ஹவாமஹே’ என்று வருவதைக் கேட்டுத் திகைப்பார்கள். அச்சுப்பிழை இல்லை, அதுதான் பாடம்.

4. மூன்று ஸ்வரங்கள், ஒரே வரியில்

உதாத்தத்துக்குக் குறி இல்லை, குரல் நடுவில் நிற்கும். அனுதாத்தத்துக்கு எழுத்தின் கீழ் படுக்கைக் கோடு, குரல் ஒரு படி இறங்கும். ஸ்வரிதத்துக்கு மேலே நிலைக்கோடு, குரல் ஒரு படி ஏறும். மேலே இரண்டு கோடு என்றால் தீர்க்க ஸ்வரிதம், உதாத்தத்தில் தொடங்கி நீட்டிக்கொண்டே மேலே போகும். கர்நாடக இசை தெரிந்தவர்கள் நி, ஸ, ரி என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட சரியாக இருக்கும்.

முதல் வரியை அசை அசையாகப் பிரித்துச் சொல்கிறேன், விரலைக் காற்றில் அசைத்துக்கொண்டே பாருங்கள். ‘நமஸ்தே’: ‘ந’ நடு, ‘ம’ மேல், ‘ஸ்தே’ நடு. ‘ருத்³ர’ முழுவதும் நடு. ‘மன்யவ’: ‘ம’ கீழ், ‘ன்ய’ நடு, ‘வ’ மேல். ‘உதோத’: ‘உ’ கீழ், ‘தோ’ நடு, ‘த’ மறுபடி கீழ். ‘இஷவே’: ‘இ’ நடு, ‘ஷ’ மேல், ‘வே’ கீழ். ‘நம:’ நடுவில் தொடங்கி மேலே முடியும்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, மேலே ஏறும் எழுத்தை நீட்டுவது. ‘நம’ என்பதில் ‘ம’ உயர்ந்தவுடன் அது ‘நமா’ ஆகிவிடும். உயரம் வேறு, நீளம் வேறு. குறில் எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு மாத்திரைதான். சரிபார்க்க எளிய வழி: முதலில் ஸ்வரமே இல்லாமல் ஒரே சுருதியில் வரியைச் சொல்லுங்கள், குறில் நெடில் சரியாக விழும். பிறகு அதே நடையில் ஸ்வரத்தை ஏற்றுங்கள்.

பாட்டுக் கற்றவர்களுக்கு எச்சரிக்கை. ஸ்வரிதத்தில் கமகம் (குரலை அசைத்து இழைப்பது) சேர்க்காதீர்கள். பாணினீய சிக்ஷை என்ற பழைய உச்சரிப்பு நூல் சொல்லும் ஆறு மட்டமான ஓதுவோரில் முதலில் நிற்பவர் ‘கீ³தீ’, பாடுகிறவர். சங்கீதம் அறியாதவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஆசிரியரின் சுருதியிலேயே சொல்ல வேண்டும் என்றும் கட்டாயமில்லை. ஆண் குரல் பதிவைக் கேட்டு அதே இடத்தில் சொல்லப் போய்த் தொண்டை கட்டிக்கொள்ளும் பெண்களைப் பார்க்கிறேன். நடு எங்கே வைத்தாலும், கீழும் மேலும் அதிலிருந்து ஒவ்வொரு படி தள்ளியிருந்தால் சரி.

5. ருத்ரத்துக்கு முன் இரண்டு சின்னப் பாடங்கள்

நேரடியாக நமகத்தில் குதிக்க வேண்டாம். முதலில் ‘கணானாம் த்வா’. அடுத்து மந்த்ரபுஷ்பம். மந்த்ரபுஷ்பத்தில் ‘ஆயதனவான் ப⁴வதி’, ‘ய ஏவம் வேத³’ என்று அதே வரிகள் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் ஸ்வரம் அப்படியே வருகிறதா என்று நீங்களே உங்களைப் பிடித்துவிடலாம். கோயிலில் தீபாராதனை சமயத்தில் எல்லோரும் சேர்ந்து சொல்வதால் கற்றவுடன் பயனும் படும்.

6. சந்தை சொல்வது

ஆசிரியர் ஒரு முறை சொல்வார், மாணவர்கள் இரண்டு முறை திருப்பிச் சொல்வார்கள். முதலில் ஓரிரு சொல், பிறகு கால் வரி, அரை வரி, முழு வரி. இதுதான் சந்தை.

இதில் இரண்டு விதிகள். அவர் சொல்லி முடிக்கும்வரை உதட்டை அசைக்காதீர்கள். சேர்ந்து முணுமுணுப்பவர்களுக்குத் தங்கள் குரல்தான் கேட்கும், அவர் குரல் கேட்காது. இரண்டாவது, சந்தையின்போது புத்தகத்தை மூடி வையுங்கள். கண் வரிக்குப் போனவுடன் நாம் வாசிக்க ஆரம்பித்துவிடுகிறோம். காதில் விழுந்தது ‘ஶர்வாய’ ஆக இருந்தாலும் வாய் புத்தகத்தில் இருப்பதாக நினைத்ததைத்தான் சொல்லும்.

இணைய வகுப்பில் எல்லோரும் ஒன்றாகச் சொல்ல முடியாது. ஒலி தாமதமாக வருவதால் கூச்சலாகிவிடும். மற்றவர்கள் ஒலியை அணைத்துவிட்டு ஒருவர் ஒருவராகச் சொல்ல வேண்டும். ஜூமில் ‘ஒரிஜினல் சவுண்ட்’ அமைப்பைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று அது விஸர்க்கத்தின் (‘நம:’ என்பதில் வரும் ‘:’) மெல்லிய மூச்சொலியையும் சேர்த்து விழுங்கிவிடும். நீங்கள் சரியாகச் சொல்லியும் ஆசிரியர் திருத்திக்கொண்டே இருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

7. வீட்டுப் பயிற்சி, பக்கத்து வீட்டுக்காரரோடு

வகுப்பில் அனுமதி கேட்டு ஆசிரியரின் குரலைப் பதிவு செய்யுங்கள். அன்றன்று கற்ற பகுதியை மட்டும் தனிக் கோப்பாக வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கேட்டு இரண்டு முறை சொல்வது என்ற அதே முறையில் பத்து ஆவிருத்தி, அதாவது பத்துச் சுற்று. ரயிலில் போகும்போது கேட்கலாம். ஆனால் கேட்டதைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்காதீர்கள், வாய்விட்டுச் சொன்னால்தான் பயிற்சி.

அடுக்குமாடி வீட்டில் இதுதான் சிக்கல். இங்கே சூரியன் உதிப்பது ஏழு மணி வாக்கில். பின்னிரவும் விடிகாலையும் அக்கம்பக்கத்தார் அமைதியை எதிர்பார்க்கும் நேரம். விடிகாலையில் ஓதுவது உத்தமம் என்று எழுந்து, பயந்து பயந்து கிசுகிசுப்பவர்கள் பலர். கிசுகிசுப்பில் ஸ்வரம் ஏறாது, ‘கு³ம்’ வராது. மேலே சொன்ன ஆறு மட்டமான ஓதுவோரில் குரல் அடங்கியவரான ‘அல்பகண்டர்’ கடைசியில் நிற்கிறார். புதிதாகக் கற்கும் பகுதியை மாலை ஏழரைக்கு, தாழ்வாரப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, முழுக்குரலில் சொல்லுங்கள். நன்றாகப் பதிந்த பகுதியை மட்டும் காலையில் தணிந்த குரலில் சொல்லலாம். கார் உள்ளவர்கள் பல்மாடிக் கார் நிறுத்துமிடத்தில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அரை மணி உட்காரலாம். யாரும் கேட்கப் போவதில்லை, எதிரொலி இல்லாததால் தவறும் தெளிவாகத் தெரியும்.

வாரம் ஒரு முறை உங்கள் குரலைப் பதிவு செய்து ஆசிரியருக்கு அனுப்புங்கள். ஒரே வரியை அனுப்பினால் பதில் வரும். முழு அனுவாகத்தை அனுப்பினால் அவருக்கும் நேரம் இருக்காது.

8. மூச்சு எங்கே விடுவது

பொருள் தெரியாமல் ஓதுவதும் பாணினீய சிக்ஷை சொல்லும் அந்த ஆறு குறைகளில் ஒன்று. எல்லாச் சொல்லுக்கும் பொருள் தெரிந்த பிறகுதான் ஆரம்பிப்பேன் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் சொல் எங்கே பிரிகிறது என்பதாவது தெரிய வேண்டும். மூச்சு அங்கேதான் விட முடியும்.

நமகம் முடிந்ததும் சொல்லும் ‘த்ர்யம்ப³கம் யஜாமஹே’வின் கடைசிப் பகுதி ‘ம்ருத்யோர் முக்ஷீய மாம்ருதாத்’. இங்கே ‘மாம்’ என்று நிறுத்திவிட்டு ‘ருதாத்’ என்பவர்கள் ஏராளம். அது ‘மா, அம்ருதாத்’. வெள்ளரிப்பழம் காம்பிலிருந்து விடுபடுவதுபோல மரணத்திலிருந்து விடுபடுவேனாக, அமிர்தத்திலிருந்து அல்ல என்பது பொருள். ‘மா’ என்ற மறுப்பு ‘மாம்’ ஆகி ‘என்னை’ என்று மாறினால் வாக்கியமே குலைந்துபோகும். ஒரே மூச்சில் வராவிட்டால் ‘முக்ஷீய’வுக்கு முன்பே மூச்சை நிரப்பிக்கொள்ளுங்கள்.

9. புத்தகத்தை மூடுவது

ஓர் அனுவாகம் பார்க்காமல் வந்த பிறகே அடுத்தது. பதினொன்றையும் பார்த்துச் சொல்லப் பழகிவிட்டுப் பிறகு மனப்பாடம் செய்துகொள்ளலாம் என்பவர்கள் பல வருடம் கழித்தும் புத்தகத்தோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நமகத்தில் மனப்பாடம் வழுக்கும் இடம் இரண்டிலிருந்து ஒன்பதுவரை. எல்லாம் ‘நமோ, நமோ’ என்று ஒரே அச்சில் இருப்பதால் நான்கில் தொடங்கி ஏழில் போய் இறங்கிவிடுவோம். அதற்கு மருந்து, தொடக்கச் சொற்களை மட்டும் தனியாக வரிசைப்படுத்தி மனப்பாடம் செய்வது: நமஸ்தே ருத்³ர, நமோ ஹிரண்யபா³ஹவே, நம: ஸஹமானாய, நம ஆவ்யாதி⁴னீப்⁴ய:, நமோ ப⁴வாய, நமோ ஜ்யேஷ்டா²ய, நமோ து³ந்து³ப்⁴யாய, நம: ஸோமாய, நம இரிண்யாய, த்³ராபே, ஸஹஸ்ராணி. இந்த வரிசையிலேயே இன்னொரு பாடமும் கிடைக்கிறது. பின்னால் ஹ, ப⁴, ஜ வந்தால் ‘நமோ’. ஸ வந்தால், அச்சில் ‘நம:’ என்று இருந்தாலும், ஓதும்போது ‘நமஸ்’ என்று ஒட்டும். ஆ, இ வந்தால் ‘நம’ என்று வெறுமனே நிற்கும். அடுத்த சொல் நினைவில்லாமல் ‘நமோ’ என்று குருட்டாம்போக்கில் ஆரம்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். அடுத்த சொல்லைத் தெரிந்துகொண்டால்தான் முதல் சொல்லே வாயில் வரும்.

சமகத்தின் பதினோராவது அனுவாகம் எண்கள்: 1, 3, 5 என்று 33 வரை, பிறகு 4, 8, 12 என்று 48 வரை. தமிழில் எண்ணிக்கொண்டே சொன்னால் நிச்சயம் தவறும். சமஸ்கிருத எண்களைத் தனியாகக் கற்றுவிட்டுத் தொடங்குங்கள், ஒரு மாலை போதும்.

10. கூட்டத்தோடு ஓதுவது

முதலில் கேட்கப் போங்கள். பிரதோஷ மாலையில் கேலாங் ஈஸ்ட் சிவன் கோயில் போன்ற இடத்தில், அபிஷேகத்தின்போது புத்தகம் இல்லாமல் உட்கார்ந்து, உங்களுக்குத் தெரிந்த அனுவாகம் எப்போது வருகிறது என்று மட்டும் கவனியுங்கள். பிரதோஷம் என்றைக்கு என்பதைக் கோயில் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னைப் பஞ்சாங்கத்தின் திதி முடிவோடு இரண்டரை மணி கூட்டினால் நம் நேரம் வந்துவிடும். ஆனால் சூரியோதயத்தை வைத்துக் கணக்கிடும் ராகுகாலத்துக்கு அந்தக் கணக்கு செல்லாது.

குழுவில் சேர்ந்தவுடன் உரக்கச் சொல்லாதீர்கள். நடுவில் நிற்கும் இருவரின் வேகமும் சுருதியும் பிடிபடும்வரை தணிந்து சொல்லுங்கள். தெரியாத அனுவாகத்தில் வாயை மூடிக்கொண்டு கேளுங்கள். வரியின் கடைசிச் சொல்லை மட்டும் பிடித்து உரக்க முடிப்பவர்களால்தான் குழுவே தடம்புரள்கிறது. பாட வேறுபாடு தெரிந்தால் அங்கேயே திருத்தப் போகாமல் பிறகு உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள்.

ஏகாதச ருத்ரத்தில் நமகம் பதினொரு முறை. ஒவ்வொரு நமகத்துக்குப் பிறகும் சமகத்தில் ஓர் அனுவாகம், வரிசைப்படி. நான்கைந்து சுற்றுக்குப் பிறகு எந்தச் சுற்று என்று எல்லோருக்குமே மறக்கும். எண்ணுவதற்கென்றே ஒருவரை வைத்துவிட்டு, சுற்றுக்கு ஒரு பூவோ பாக்கோ தட்டில் வைக்கச் சொல்லுங்கள். கோயிலில் குழுவாக ஓத விரும்பினால் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள், நித்திய பூசை நேரத்தோடு மோதக்கூடாது.

11. கற்றது கழன்றுபோகாமல்

தினம் நமகத்தில் ஓர் அனுவாகம், சமகத்தில் ஓர் அனுவாகம், பதினொரு நாளில் ஒரு சுற்று. பிரதோஷத்தன்று முழுவதும். வெளியூர்ப் பயணம், அலுவலக நெருக்கடி என்று விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து புதுப் பாடத்தைத் தொடராதீர்கள். பழைய பதிவைப் போட்டு முதல் அனுவாகத்திலிருந்து சந்தையாகவே ஒரு சுற்று சொல்லிவிட்டுப் பிறகு புதியதற்குப் போங்கள்.

ஆசிரியர் முன் புத்தகமில்லாமல் நமகம், சமகம் இரண்டையும் தடையின்றி ஒரு முறை சொல்லி முடிக்கும்வரை புருஷஸூக்தம், துர்காஸூக்தம் என்று அடுத்ததைத் தொடங்க வேண்டாம். கேட்டால் அவரே எப்போது என்று சொல்வார்.